என் தோலில் சிவப்பு தெரியாது

முகத்தில் அமிலம் தடவி மேல்தோலை உரிக்கும் ‘பீல்’ என்ற சிகிச்சையை முதல்முறை செய்துகொண்ட மூன்றாம் நாள் காலை, பல் தேய்த்துவிட்டு நிமிரும்போதுதான் அதைப் பார்த்தேன். இடது கன்னத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் துருக்கறை போல ஒரு திட்டு. மேலுதட்டுக்கு மேலே இன்னொன்று, அரும்பு மீசை மாதிரி. அழுக்கோ என்று துண்டை நனைத்துத் துடைத்தேன். இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கதவோரம் நின்ற அக்கா, "என்னடி இது, பருவே தேவலாம் போலிருக்கே" என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். பருவுக்கு வைத்தியம் பார்க்கப் போய், எட்டு மாதம் அந்தத் திட்டோடு அலைந்தேன். அப்புறம் அதே முகத்தில், வேறொருவரிடம், ஐந்து முறை பீல் செய்துகொண்டேன். அது நன்றாகவே வேலை செய்தது. முதலில் என்ன தப்பு நடந்தது, பிறகு என்ன சரியாக நடந்தது என்பது என்னைப் போல நிறமுள்ள யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் நல்ல கறுப்பு. பதினைந்து வயதில் தொடங்கிய பரு இருபத்தெட்டு வரை விடவில்லை. ஆனாலும் பருவை நான் பெரிய தொல்லையாக நினைத்ததில்லை. வரும், ஒரு வாரம் இருக்கும், போகும். அது போன இடத்தில் வந்து உட்காரும் கறுப்பு இருக்கிறதே, அதுதான் மூன்று மாதம், நாலு மாதம் என்று அசையாது. அதற்குள் பக்கத்தில் நாலு புதுப் பரு வந்து, அவையும் ஆளுக்கொரு புள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கும்.

இந்தக் கறுப்பைப் பலரும் தழும்பு என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். பள்ளமோ மேடோ தட்டுப்படாவிட்டால் அது வெறும் நிறம், நாளாவட்டத்தில் மங்கும். குழி தட்டுப்பட்டால் அது தழும்பு. அதற்கு வைத்தியம் வேறு. பீல் செய்துகொள்ளப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் ஏமாற்றம்தான்.

நிறத்தை உண்டாக்கும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கை வெளுத்தவர்களுக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நம்முடையவை வேகமாக வேலை செய்பவை, அவ்வளவுதான் விஷயம். பருவோ, கீறலோ, பூச்சிக்கடியோ, சூடு பட்டதோ, எங்கே அழற்சி வந்தாலும் அங்கே மெலனின் என்ற நிறப்பொருளைக் கொட்டிவிடும். பீல் என்பதும் ஒரு காயம்தான், அளந்து செய்கிற காயம். அமிலத்தைத் தடவி, மேல்தோல் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துகிறார்கள். அடைத்த துளைகள் திறக்கும், மேலே தேங்கிய நிறமும் சேர்ந்து உதிரும். அளவோடு நின்றால் புள்ளி மங்கும். கொஞ்சம் மீறினாலும் தோல் அதைப் புதுக் காயமாக எடுத்துக்கொண்டு மறுபடி கறுத்துவிடும். இது தெரியாமல்தான் நான் ஆழம் பார்க்காமல் காலை விட்டேன்.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். கிளைகாலிக் ஆசிட் பீல் என்றார்கள். எத்தனை சதவீதம் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சதவீதம் தெரிந்தாலும் போதாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதே 30 சதவீதம், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு குறைவாக இருந்தால் ஒரு மாதிரி கடிக்கும், கூட்டிவைத்திருந்தால் வேறு மாதிரி. இந்தக் கிளைகாலிக் அதன் குடும்பத்திலேயே மிகச் சிறிய மூலக்கூறு. விறுவிறுவென்று உள்ளே இறங்கும், தானாக நிற்காது. கடிகாரத்தைப் பார்த்து, சோடியம் பைகார்பனேட் கரைசல் போன்ற ஒன்றைத் தடவி நிறுத்த வேண்டும்.

அந்தப் பெண் என் இடது கன்னத்தில் தொடங்கி, நெற்றி, வலது கன்னம், தாடை என்று தடவினார். நடுவில் போன் வந்தது. பேசி முடித்து வந்து நிறுத்தும்போது வலது பக்கத்தில் தொடங்கினார். முதலில் ஆசிட் பட்ட இடது கன்னம் கடைசியாகக் கழுவப்பட்டது. எத்தனை நிமிடம் கூடுதல் என்று எனக்குத் தெரியாது. கம்பளிப்பூச்சி ஊர்ந்தது போலத் தொடங்கிய எரிச்சல், நெருப்பு வைத்தது போல ஆகியிருந்தது.

"எரியுதுங்க" என்றேன்.

"எரிஞ்சாதான்மா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று குனிந்து பார்த்தார். "சிவக்கவே இல்லையே, ஒண்ணுமில்ல."

நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நடந்ததிலேயே எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். வெளுத்த தோலில் அமிலம் அளவு மீறினால் சட்டென்று சிவக்கும். செய்பவர் பார்த்து நிறுத்திவிடுவார். என் தோலில் சிவப்பு தெரியாது. சூடாக இருக்கும், கொஞ்சம் உப்பும், உற்றுப் பார்த்தால் கத்தரிப்பூ நிறம் லேசாக ஏறியிருக்கும். பழகிய கண்ணுக்குத்தான் அது படும். பழகாத கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒரே எச்சரிக்கை, படுத்திருப்பவரின் வாய். அதை நான் மூடியிருந்தேன்.

என் பக்கமும் தப்பு உண்டு. அப்போது தினமும் இரவில் பருவுக்கான அடாபலீன் ஜெல் தடவிக்கொண்டிருந்தேன். அதைச் சில நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். முந்தின நாள்தான் மேலுதட்டு முடியை எடுத்திருந்தேன். முடியோடு மேல்தோலும் கொஞ்சம் போயிருக்கும், அதன்மேல் ஆசிட் பட்டால் என்ன ஆகும்? அந்த மீசை வந்த கதை இதுதான். யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

அடுத்த சில மாதங்கள் செய்த கூத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திட்டைத் தேய்த்தேன், மறைத்தேன், யாரோ கொடுத்த கிரீமைத் தடவினேன். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது, பூரித்துப் போனேன். நிறுத்தியதும் பரு கொத்துக் கொத்தாக வந்தது. டியூபில் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன் என்று இருந்ததைப் பிறகு டாக்டர்தான் காட்டினார். ஸ்டீராய்டு. இது, மொமெட்டசோன், குளோபெட்டசால் ஆகிய மூன்று பெயர்களையும் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் நாள்கணக்கில் தடவினால் தோல் மெலியும், பருவும் அதனாலேயே வரும்.

தோல் மருத்துவரிடம் போனபோது, அன்றைக்கே பீல் செய்வார் என்று நினைத்திருந்தேன். அவர் கேள்விதான் கேட்டார். இப்போது என்னென்ன தடவுகிறேன், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எப்போதாவது எடுத்தேனா, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமா, கர்ப்பமா, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா, அடிபட்ட இடம் மேடாகத் தடித்துப்போகுமா. பழைய காயங்களைக் காட்டச் சொன்னார். முழங்கையில் இருந்த ஒரு பழைய சிராய்ப்பு, கருநீலமாக இருந்ததை வெகுநேரம் பார்த்தார். பழுப்பாக இருந்தால் நிறம் மேல்தோலில் இருக்கிறது, சில மாதத்தில் போகும். சாம்பலும் நீலமுமாக இருந்தால் கீழே இறங்கிவிட்டது, அது மங்க வருஷக்கணக்கில் ஆகலாம் என்றார். என் கன்னத்துத் திட்டு பழுப்பு. அன்றைக்குக் கேட்ட நல்ல செய்தி அது ஒன்றுதான்.

தாளில் ஃபிட்ஸ்பாட்ரிக் வகை 5 என்று எழுதினார். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975-இல் வகுத்த அளவுகோல். வெயிலில் தோல் வெந்து சிவக்குமா, கறுக்குமா என்பதுதான் அதன் கேள்வி. முதலில் வகுத்தபோது வெளுத்த தோலை மனத்தில் வைத்தே வகுத்தார். நம் நிறத்துக்கான 5, 6 எல்லாம் பின்னால் சேர்த்தவை. அளவுகோலிலும் நாம் கடைசி பெஞ்ச்தான்.

"இன்னைக்கு பீல் கிடையாதும்மா" என்றார்.

"எப்போ டாக்டர்?"

"மொதல்ல உங்க முகத்தைச் சும்மா விடுங்க. ஆறு வாரம் கழிச்சுப் பாப்போம்."

ஸ்க்ரப், டோனர், பிரஷ் எல்லாம் குப்பைக்குப் போயின. காலையில் அசெலாயிக் ஆசிட், ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் அடாபலீன், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். வேறு எதுவும் கிடையாது. இதைப் பிரைமிங் என்கிறார்கள். விதைக்கும் முன் உழுது வைப்பது போல. மெலனின் உற்பத்தியைக் கொஞ்சம் அடக்கிவைத்துவிட்டு அப்புறம் பீல் செய்தால் கறுக்கும் வாய்ப்பு குறைவு. உண்மையைச் சொன்னால், அந்த ஆறு வாரத்திலேயே என் புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்கு மங்கிவிட்டது. பீல் வேண்டுமா என்றுகூட யோசித்தேன். பலருக்கு இதுவே போதும் என்று டாக்டரும் சொன்னார். மூக்கிலும் தாடையிலும் அடைத்த துளைகள் அப்படியே இருந்ததால்தான் தொடர்ந்தேன்.

இந்த முறை சாலிசிலிக் ஆசிட். அது எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் அடைத்த துளைக்குள் அதுவே வழி பார்த்துக்கொண்டு போகும். அழற்சியையும் தணிக்கும், ஆஸ்பிரினுக்கு உறவுக்காரன் அல்லவா. அதனால்தான் அந்த ஆஸ்பிரின் கேள்வி. கிளைகாலிக் போல நேரம் பிசகினால் கன்னம் போச்சு என்ற பயமும் இதில் குறைவு. கரைசல் காய்ந்ததும் அதன் வேகம் பெரும்பாலும் அடங்கிவிடும். தோல் ரொம்ப மென்மையாக இருந்தால் மாண்டெலிக் ஆசிடும் உண்டு என்றார் டாக்டர். அதன் மூலக்கூறு கிளைகாலிக்கைப் போல இரண்டு மடங்கு, ஆகவே மெதுவாகத்தான் இறங்கும். ஆழமாக இறங்கும் டிசிஏ (ட்ரைகுளோரோஅசெட்டிக் ஆசிட்) போன்றவற்றை முழு முகத்துக்கும் போடும் பேச்சை என் போன்ற நிறத்தில் எடுக்கவே மாட்டேன் என்றும் சொன்னார்.

முதலில் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி மட்டும் தடவி, இரண்டு வாரம் பார்த்தோம். கறுக்கவில்லை. ஒரு வாரம் முன்பே அடாபலீனை நிறுத்தினேன். முடி எடுக்கவில்லை, ப்ளீச் இல்லை. பீல் அன்றைக்குக் கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் எல்லாம் வாஸ்லின் வைத்தார்கள். இந்த இடங்களில்தான் ஆசிட் தேங்கும். பிறகு ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, 20 சதவீதக் கரைசலைக் காஸ் துணியில் நனைத்துத் தடவினார். கையில் ஒரு சின்ன விசிறியைக் கொடுத்தார்கள்.

அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே கேள்வி: "எரிச்சல் பத்துக்கு எவ்வளவு?"

மூன்று. ஐந்து. ஆறு. அப்புறம் ஐந்து. மூன்று. சாலிசிலிக் கொஞ்சம் மரத்துப்போகச் செய்யும், அதனால் ஏறிய எரிச்சல் இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கும். "ஏறிக்கிட்டே போச்சுன்னா உடனே சொல்லணும், வெட்கப்படாதீங்க. உங்க தோல்ல எனக்குச் சிவப்பு தெரியாது, நீங்க சொல்ற நம்பர்தான் தெரியும்" என்றார். இவ்வளவு நாள் யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தது போல இருந்தது எனக்கு.

கண்ணாடியைக் கொடுத்தபோது முகம் முழுக்க வெள்ளை. ஒரு நொடி பதறிவிட்டேன். ஆல்கஹால் ஆவியாகி சாலிசிலிக் பொடி மேலே படிந்திருக்கிறது என்றார். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். விரல் அகலத்துக்கு என் நிறம் திரும்ப வந்தது. துடைத்தால் போகாத வெள்ளை என்றால்தான் பயப்பட வேண்டும். அமிலம் ஆழமாக இறங்கித் தோலின் புரதத்தை உறைய வைத்தால் அப்படி வெளுக்கும்.

இரண்டாம் நாள் முகம் பசை தடவிக் காய்ந்தது போல இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் கறுத்தும் தெரிந்தேன். இது எதிர்பார்த்ததுதான் என்று முன்பே சொல்லியிருந்ததால் அழவில்லை. மூன்றாம் நாள் வாயோரமும் மூக்கோரமும் பொடுகு போல உதிரத் தொடங்கியது. ஐந்தாம் நாள் முடிந்தது. நெற்றியில் ஒன்றுமே உரியவில்லை. காசு தண்டமோ என்று கேட்டதற்கு, உரிகிற அளவுக்கும் பலனுக்கும் சம்பந்தமில்லை என்றார். மூன்று வாரம் கழித்து மறுபடி 20, மூன்றாவது முறையிலிருந்து 30 சதவீதம்.

மூன்றாவது முறைதான் சொதப்பினேன். உதட்டோரம் ஒரு சின்னத் தோல் நுனி தூக்கிக்கொண்டு நின்றது. ஆபீஸில் ஒரு கூட்டம், சலிப்பு, கை சும்மா இருக்கவில்லை. பிய்த்தேன். தானாக விழ வேண்டிய தோல் பாதி வந்தது, மீதிப் பாதி வர மனமில்லாமல் இழுபட்டது. அரிசி அளவு பச்சைப்புண். அது இரண்டரை மாதம் கறுப்பாக இருந்தது. மற்ற இடமெல்லாம் தெளிந்துகொண்டே வர, என் கையால் செய்த அந்த ஒரு புள்ளி மட்டும் நின்றது. அதற்குப் பிறகு உரியும் நாள்களில் நுனியை ஒரு சின்னக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு மாய்ஸ்சரைசரை அப்பிக்கொண்டேன். கண்ணில் படாவிட்டால் கையும் போகாது.

சன்ஸ்கிரீன் கதை தனி. கறுப்புத் தோலுக்கு எதற்கு என்று நானும் கேட்டவள்தான். வெயிலில் தோல் வெந்துபோகாமல் இருக்க மட்டும் இல்லை, கறுப்பு மங்கவிடாமல் செய்வதே வெளிச்சம் என்பதால். புற ஊதாக் கதிர் மட்டும் அல்ல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் நம் தோலைக் கறுக்க வைக்கும். 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரே வெளிச்சத்தைக் கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் காட்டியபோது, கறுத்த தோல் மட்டும் நாள்கணக்கில் கறுத்தே நின்றது. சாதாரண சன்ஸ்கிரீன் இந்த வெளிச்சத்தைச் சரியாகத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். அதில் நம் நிறத்துக்குப் பொருந்துவதைத் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் வாங்கியது என்னைச் சாம்பல் பூசிய சிலை போல ஆக்கியது. மூன்றாவதுதான் பொருந்தியது. எஸ்பிஎஃப் 50, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும். கடலை அளவு தடவினால் பாட்டிலில் போட்டிருக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பீலால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். மூக்கில் துளை அடைத்து வந்த கரும்புள்ளிகள், நெற்றியில் மணல் போல நெருடிய சிறு பருக்கள் எல்லாம் இரண்டாவது முறையிலேயே குறைந்தன. தாடையோரம் உள்ளே உருண்டையாக வலிக்கும் பெரிய பருக்களை அது அசைக்கவே இல்லை. அதற்கு மாத்திரைதான் கேட்டது. வலது கன்னத்தில் ஊசி குத்தியது போல இரண்டு குழிகள் உண்டு. அவை இன்றும் அப்படியே இருக்கின்றன. மேலோட்டமான பீல் அவ்வளவு ஆழம் போகாது. பீலை நிறுத்திவிட்டு மற்ற மருந்துகளையும் விட்டால் பரு திரும்பி வரும். நான் வாரத்தில் மூன்று இரவு அடாபலீனை இன்னும் விடவில்லை.

வீட்டிலேயே செய்துகொள்ளலாமே, கரைசல் சுலபமாகக் கிடைக்கிறதே என்று தோழி ஒருத்தி கேட்டாள். 2 சதவீத சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் என்றால் தாராளமாக. 30 சதவீத பாட்டிலை வாங்கி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தனக்குத் தானே தடவுவது வேறு விஷயம். 2024 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மேற்பார்வை இல்லாமல் இப்படிப்பட்ட வீரியமான கரைசல்களை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்று எச்சரித்திருந்தது. அவளிடம் நான் எஃப்டிஏ பற்றியெல்லாம் பேசவில்லை. போனில் இருந்த என் எட்டு மாதப் படங்களைக் காட்டினேன்.

படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். அதே ஜன்னல், காலை அதே நேரம், முகத்தில் ஒன்றும் பூசாமல், மாதம் ஒன்று. கண்ணாடியைத் தினமும் பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. நாலாவது பீலுக்குப் பிறகு, இதெல்லாம் வீண் என்று நான் விடப் போனேன். முதல் மாதப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

ஐந்தாவது பீல் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன வாரம் அக்கா வந்திருந்தாள். பேச்சு எப்படியோ அந்தத் திட்டுக்குப் போனது. "எந்தக் கன்னத்துல இருந்துச்சு, சொல்லு பாப்போம்" என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வலது" என்றாள்.